கோட்டுக் கழுத்தில் எண்ணெய்க் கறை

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் காணாமல் போனாலும், உடைந்தாலும், நசுங்கினாலும், யாரும் முதலில் அந்தச் சாமானைப் பார்க்க மாட்டார்கள். என்னைப் பார்ப்பார்கள். அடுத்தது என் டவுசர் பையைத் துழாவுவார்கள். அதற்கடுத்தது அடி. விசாரணை என்று ஒன்று நடந்தால் அது கடைசியில், நான் அழுது முடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது நடக்கும். இதில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் நான்தான் செய்திருப்பேன். ஆனால் மாமா கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கோட்டின் கழுத்தில் எண்ணெய்க் கறை இருப்பதை அம்மா கண்டுபிடித்த அன்று, வீட்டில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியொரு அவமானத்தை நான் பட்டதில்லை.

என்னைச் சந்தேகப்பட ஆளில்லாமல் போகவே, மற்றவர்களைச் சந்தேகப்படும் உத்தியோகத்தை அன்றைக்கே நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரான மண்டபத்தில் அப்போதெல்லாம் மாப்பிள்ளை என்றால் கோட்டுப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கடற்காற்று நின்று போய், நிழலில் உட்கார்ந்திருப்பவனுக்கே முதுகு நனைகிற வைகாசி மாசத்தில் கம்பளிக் கோட்டு. போட்டுக்கொண்டவன் வேகட்டும், போட்டோவில் வேர்வை தெரியாது. எங்கள் தெருவில் இருந்த ஒரே கோட்டு பக்கத்து வீட்டு லாத்தாவிடம் இருந்தது. முஸ்லிம்களில் லாத்தா என்றால் அக்கா. அம்மா அப்படிக் கூப்பிட்டாள் என்று நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

லாத்தாவின் புருஷருக்குக் கொழும்பில் கடை. பெருநாளுக்குப் பெருநாள் கப்பலேறி வந்துகொண்டிருந்தவர், பாஸ்போர்ட்டு வேண்டும், விசா வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு வரவில்லை. தாள் கிடைக்காமல் அங்கே மாட்டிக்கொண்டார் என்றது தெருவில் பாதி. அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்றது மீதி. கடைசியாக வந்தபோது, அடுத்த தடவை வந்து போட்டுக்கொள்கிறேன் என்று அவர் கழற்றி வைத்துவிட்டுப் போன கோட்டுதான் அது. சாம்பல் நிறம். லாத்தா அதை யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அவுக வந்தா கேப்பாக" என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுவாள்.

அம்மாவுக்கு மட்டும் கொடுத்தாள். முன்னொரு சமயம் லாத்தா விஷக் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கஞ்சி காய்ச்சி ஊற்றியவள் அம்மா. அந்த நன்றி. ஆனாலும் கோட்டைக் கொண்டுவந்து தந்த விதம் எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. கழுத்துப் பட்டையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியை வைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கமாகத் தையல் போட்டிருந்தாள்.

"இதப் பிரிச்சுராத புள்ள," என்றாள். "ஒந்தம்பி தலைக்கு எண்ணெ வைக்காமப் போட்டுக்கிறட்டும். சோலி முடிஞ்சதும் இருக்குற மேனிக்கே கொண்டாந்து குடுத்துரு."

"அவன் தலையில ஒரு சொட்டு எண்ணெ இருக்காது லாத்தா. இது என் வாக்கு," என்றாள் அம்மா.

லாத்தா போனதும் அய்யா கோட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன கோட்டா, கண்ணாடிச் சாமானா? மூச்சு விட்டா ஒடைஞ்சிரும் போலயே."

"நீங்க தொடாதீக," என்றாள் அம்மா. "ஒங்க கையில சங்கு நாத்தம்." அய்யா என்றால் என் அப்பா; ஒரு சங்கு வியாபாரியிடம் குமாஸ்தா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருடைய தலைமயிரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். தேங்காயெண்ணெய் ஒன்றுக்குத்தான் அது அடங்கும். எண்ணெய் இல்லாத மாமாவின் தலை, சப்பிப் போட்ட பனங்கொட்டை. கல்யாணத்தன்று இராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அதைப் படிய வைத்தார். அவர் போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்குள் அது எழுந்து நின்றுவிடும். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே எடுத்தார். அந்தப் போட்டோவில் அத்தை நேராகப் பார்க்கிறாள். மாமாவும் நேராகத்தான் பார்க்கிறார். மாமாவின் மயிர் நாலு திசையையும் பார்க்கிறது.

இத்தனை கட்டுப்பாடாக இருந்தும் வந்தது வினை. கல்யாணம் முடிந்து கோட்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது, கழுத்தைச் சுற்றித் தைத்திருந்த வெள்ளைத் துணியில் மாமாவின் வேர்வையும் சந்தனமும் அப்பியிருந்தன. இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூடப் புளி போட்டு விளக்கி, வெறுமனே கொடுக்காமல் உள்ளே ஒரு கைப்பிடி அரிசியோ நாலு பணியாரமோ வைத்துக் கொடுக்கிற வீடு எங்களுடையது. இருக்கிற மேனிக்கே கொண்டுவா என்று லாத்தா சொன்னது பெருந்தன்மை, அதற்காக அழுக்குத் துணியைக் கொண்டுபோய் நீட்டுவதா என்று அம்மா நினைத்தாள். பிரித்துத் துவைத்து, மறுபடி தைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தையலைப் பிரித்தாள். துணிக்கு அடியில், கோட்டின் கழுத்துப் பட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. கறுத்து, மினுமினுவென்று.

"ஏலே தம்பி! இங்கன வா!"

மாமா விருந்துக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை. வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார்.

"தலைக்கு எண்ணெ வச்சியா?"

"வைக்கலக்கா."

"வைக்காமத்தான் கழுத்து இப்படி இருக்கா?"

"ஒன் மேல சத்தியமா..."

"என் மேல பண்ணாதடா. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

அய்யா வெள்ளைத் துணியையும் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சங்கில் ஓட்டை பார்க்கிற பார்வை.

"மேல இருந்த துணியில எண்ணெ இல்ல. அடியில இருக்கு. அப்படின்னா மாப்ள துணியப் பிரிச்சு, எண்ணெய வச்சுக் கோட்டப் போட்டுக்கிட்டு, அப்பறம் மறுபடி தச்சிருக்காரு."

"அத்தான், எனக்குச் சட்டைப் பொத்தானே தைக்கத் தெரியாது!"

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு," என்றார் அய்யா. "ரொம்ப நாளா தெரியாத மாதிரியே இருந்திருக்கீரு."

இந்த இடத்தில்தான் என் உத்தியோகம் ஆரம்பமாயிற்று. கோட்டை வாங்கிக் கழுத்தை முகர்ந்தேன். எண்ணெய் வாடைக்குள்ளே மரிக்கொழுந்தும் சந்தனமும் கலந்த ஒரு மணம் இருந்தது. பிறகு மாமாவின் தலையை முகர்ந்தேன். சீயக்காய் மணம் தவிர ஒன்றுமில்லை. அவருடைய தகரப் பெட்டியை, தலையணை உறையை, புதுச் செருப்பைக்கூட முகர்ந்து பார்த்தேன். கோட்டில் இருந்த மணம் எதிலும் இல்லை. கொஞ்சமாவது மூளை உள்ளவன் இதிலிருந்து, கறை மாமாவுடையது இல்லை என்று முடிவு செய்வான். நான் வேறு விதமாக முடிவு செய்து, வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன்.

"மாமா வாசனை எண்ணெய எங்கனயோ ஒளிச்சு வச்சிருக்காக!"

அடுப்படியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த புது அத்தையின் அம்மிச் சத்தம் நின்றது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணக் களை சுத்தமாக இல்லை. அன்று மத்தியானம் அத்தை அவருக்குச் சோறு போட்டபோது, குழம்புக் கரண்டி சட்டியில் 'டக், டக்' என்று மோதியது. யாருடைய வாசனை, எந்த ஊர் வாசனை என்று அவளுடைய சந்தேகம் தனிக் கிளையாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். எதைச் சொன்னாலும் அதுவும் பிரித்துத் தைத்ததாகிவிடும் என்று பயந்திருப்பார்.

அம்மாவுக்கு அந்த வேடிக்கையெல்லாம் கண்ணில் படவில்லை. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆருக்கும் குடுக்காதத எனக்குக் குடுத்துச்சு. என் வாக்க நம்பிக் குடுத்துச்சு. இத இப்படியே கொண்டு போனா இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அது வாசல்ல போயி நிப்பேன்?"

கறை தெரியாமல் எடுத்துவிட வேண்டும், லாத்தாவுக்குத் தெரியவே கூடாது என்று முடிவாயிற்று. வெளுக்கப் போட்டால் சலவைத் துறைக்குப் போய் நாலு பேர் கண்ணில் படும். ஆகவே எல்லாம் வீட்டுக்குள்ளேயே.

முதலில் திருநீறு. எண்ணெயை உறிஞ்ச அதுமாதிரி வேறு பொடி இல்லை என்று சொல்லி, அம்மா டப்பாவைக் கவிழ்த்துக் கறை மேல் கனமாக அப்பினாள். அய்யா சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டு, "துலுக்கமாரு வீட்டுக் கோட்டுக்குப் பழனிக்கு மாலை போட்டாச்சா?" என்றார். தட்டிப் பார்த்தால், கறை அப்படியே இருந்தது. கூடவே திருநீறும் கம்பளி இழைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எண்ணெயைக்கூட லாத்தா மன்னிப்பாள், நம் சாமி விபூதியோடு கொண்டுபோய்க் கொடுத்தால் வீட்டில் இருக்கும் அவள் மாமியார் என்ன சொல்லும் என்று, அதை எடுக்கவே பெரும்பாடு பட்டோம்.

அடுத்தது சவுக்காரம். எங்கள் ஊர்க் கிணறுகளில் கடல் பாதி, கிணறு பாதி. அந்தத் தண்ணீரில் சவுக்காரத்தைத் தேய்த்தால் நுரை வராது, திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாய்த் திரண்டு துணியில் ஒட்டும். அதுதான் நடந்தது. இப்போது கழுத்தில் எண்ணெய்க் கறையும் இருந்தது, அதைச் சுற்றி உப்புப் பூத்த கோடும் இருந்தது. கோட்டைப் பின்கட்டுக் கொடியில் போட்டு, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்திக் காயவைத்தோம்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லாத்தாவின் குரல் வந்தது.

"புள்ள, கோட்டு வந்துருச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பொய் என்றால் வீட்டில் என்னைத்தான் பார்ப்பது வழக்கம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"பொண்ணு வீட்டுல இருந்து இன்னும் வரல லாத்தா. நாளைக்கு வந்துரும்."

சொல்லி முடிக்கவும் காற்று அடித்தது. போர்த்தியிருந்த சேலை விலகி, சாம்பல் நிறக் கை ஒன்று வெளியே தொங்கி, போவோர் வருவோரைக் கூப்பிடுகிற மாதிரி ஆடியது. லாத்தா அதைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள். பார்த்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள் என்றாள் அம்மா. பார்க்காதவள் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும் என்றார் அய்யா. அதற்குமேல் அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, என்னைத் தவிர.

மறுநாள் அய்யா சங்குக் கடையிலிருந்து மை ஒற்றுகிற தாள் கொஞ்சம் கொண்டுவந்தார். எழுத்து மையைக் குடிக்கிற தாள் எண்ணெயையும் குடிக்காதா என்பது அவருடைய யோசனை. சிரட்டைக் கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைக் காயவைத்தார்கள். கறைக்கு அடியில் ஒரு தாள், மேலே ஒரு தாள் வைத்து, அம்மா பெட்டியை அழுத்தாமல் மெல்ல மெல்ல ஒற்றி எடுத்தாள். கம்பளி பொசுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் மூக்கின் பொறுப்பு. ரோஸ் நிறத் தாளில் கறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்ததைப் பார்க்க வேண்டுமே! சூட்டில் அந்த மரிக்கொழுந்து மணம் எழும்பி வீடெல்லாம் நிறைந்தது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மாமாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

மிச்சத்துக்குப் பூந்திக்கொட்டை. அதையும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கெடுக்க முடியாது என்று, பீப்பாய் வண்டிக்காரர் கொண்டுவந்து ஊற்றிய நல்ல தண்ணீரையே எடுத்தாள் அம்மா. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடிப்பதற்கும் உலைக்கும்தான். அதில் முகம் கழுவினவன் என்று என்னைத் தெருவே ஒரு வாரம் பேசியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கோட்டு கழுத்தைக் கழுவிக்கொண்டது. நாங்கள் அன்று உப்புக் கரிக்கிற தண்ணீரில் வெந்த சோற்றைச் சாப்பிட்டோம். ஆனால் சாயந்தரம் காய்ந்து வந்தபோது கறை இருந்த இடம் தெரியவில்லை. அம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துவைத்த வெள்ளைத் துணியைப் பழைய தையல் ஓட்டையிலேயே ஊசியை விட்டுத் தைத்தாள். அய்யாவுக்கே எது பழைய தையல், எது புதிய தையல் என்று தெரியவில்லை.

எண்ணெய் ஏறிய தாள்களில் ஒன்றை நான் சரித்திரப் புத்தகத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். வழக்கு இன்னும் முடியவில்லையே! மாமா வாசனை எண்ணெய்ப் புட்டியோடு என்றாவது பிடிபடுவார், அன்றைக்கு ஒத்துப் பார்க்கத் தடயம் வேண்டும்.

அம்மா ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் அடுக்கி, கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் புறப்பட்டாள். தட்டு என் கையில். வழியில் அதிரசம் குறையவில்லை என்பதிலிருந்தே என் பயத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

லாத்தா தட்டை வாங்கி வைத்தாள். கல்யாணம் நல்லபடி நடந்ததா, பெண் எப்படி என்று கேட்டாள். கோட்டை வாங்கிக்கொண்டவள் பொத்தானைப் பார்க்கவில்லை, பையைப் பார்க்கவில்லை, கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நேராகக் கழுத்தைத்தான் எடுத்தாள். கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டு, முகத்தை அதில் வைத்து ஆழமாக முகர்ந்தாள். எங்கள் தெருவில் முகர்ந்து துப்பறிகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். இவளுக்கும் அந்த வித்தை தெரிந்திருக்கிறது!

அவள் மறுபடி முகர்ந்தாள். பிறகு கோட்டைக் கீழே இறக்கி, நகத்தால் வெள்ளைத் துணியின் தையலை அறுத்து, உள்ளே பார்த்தாள்.

"கழுவினியா புள்ள?"

அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "என்ன மன்னிச்சுக்க லாத்தா. எங்கன வச்சானோ, எப்ப வச்சானோ, அந்தப் பய தலையெண்ணெ பட்டுருச்சு. ஒங்கிட்டச் சொல்ல மொகமில்லாம நேத்து பொய்யும் சொல்லிட்டேன். ஆனா பாரு, ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டேன். நல்ல தண்ணி ஊத்தித்தான் கழுவுனேன்."

லாத்தா சண்டை போடவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒந்தம்பி எண்ணெ இல்ல புள்ள அது."

அம்மா கையைக் கொண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ லாத்தா," என்று தரையில் உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மாமா குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது, லாத்தாவும் கோபிக்கவில்லை; சந்தோஷப்பட்டு எழுந்து வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. லாத்தாதான் அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அழாத புள்ள. நீ நல்லதுன்னு தானே செஞ்ச. எதக் கொண்டு எடுத்த?"

"மை ஒத்துற தாள வச்சு."

"அந்தத் தாளு எங்கன?"

அம்மா விழித்தாள். அடுப்பில் போட்டிருப்பேனே என்று முனகினாள். லாத்தா கேட்ட விதத்தில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட, சட்டென்று என் பக்கம் திரும்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது கண்ணில் கோபமே இல்லை. நான் எடுத்திருக்க வேண்டுமே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

ஓடிப்போய்ச் சரித்திரப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்துவந்தேன். லாத்தா அதை வாங்கி முகர்ந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன். அடிக்கவில்லை. தாளை நாலாக மடித்து, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மூடியை இறுக்கி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. தடயத்தைக் கைப்பற்றிவிட்டாள்! கொழும்பிலிருந்து புருஷர் வந்து இறங்கியதும் டின்னைத் திறந்து காட்டி, ஒங்க கோட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க செஞ்ச வேலையப் பாருங்க என்று சொல்லப் போகிறாள். அவர் ஆறடி உயரம், பெரிய மீசை என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவை விட்டுவிடுவார், பொம்பளை. அய்யா சங்குக் கடைக்குள் ஒளிந்துகொள்வார். மாமா மாமனார் ஊருக்குப் போய்விடுவார். மிச்சம் இருப்பது நான்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஸ்டேஷனுக்கு ஓடினேன். இலங்கைக் கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தனுஷ்கோடியிலிருந்து ஏற்றிக்கொண்டு வரும் ரயில் அங்கே நிற்கும். டின் பெட்டியும் தலையணையுமாக இறங்குகிறவர்களைப் புளிய மரத்தின் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பார்ப்பேன். ஆறடி யாரும் இறங்கவில்லை என்றால் அன்றைக்குத் தப்பித்தேன். இருக்கிற சாமியெல்லாம் போதாது என்று தர்காப் பக்கமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவேன்.

லாத்தா வாசற்கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"வண்டி வந்துருச்சாலே?"

"வந்துருச்சு லாத்தா!"

"ஆரும் எறங்குனாகளா, நம்ம பக்கத்து ஆளுக?"

"ஒருத்தரும் எறங்கல லாத்தா! நல்லாப் பாத்துட்டேன்!"

சந்தோஷத்தை அடக்க எனக்கு அப்போதெல்லாம் தெரியாது. முகமெல்லாம் பல்லாகத்தான் சொல்லியிருப்பேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பிராது கொடுக்க முடியாமல் இன்னொரு நாள் தள்ளிப்போகிறதே என்ற ஏமாற்றம் அவளுக்கு, வேறென்ன இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். மறுநாளும் ஓடுவேன்.